பிரெசில்லா அச்சடிச்ச இடம்புரி

"இந்த ஊருல ஒருத்தனுக்கும் ஒழுங்கா ஒரு போட்டோ எடுக்கத் தெரியல."

பாம்பன் பிரெசில்லா காலையில அடுப்பப் பத்தவைக்கிறதே இதச் சொல்லித்தான். ஒரு கையில லைட்டர், ஒரு கையில போன். போனைத் தெறந்தா வாட்ஸ்அப்புல வந்த படமெல்லாம் வரிசையாக் கெடக்கும். கல்யாணப் பந்தியில எடுத்த மாப்பிள்ள படம், வாயில பாதி அப்பளம். ஓடுற பஸ்ஸுல இருந்து எடுத்த ஐஸ் கம்பெனி போர்டு, அதுல பாதி பேரும் ஒரு மாட்டோட பின்பக்கமும் இருக்கும். ஒருத்தி அனுப்புன, துபாயில இருக்க அவ புருசனோட மூஞ்சி, வீடியோ கால்ல பிடிச்சது, மூக்கு நடுவுல வட்டம் சுத்திக்கிட்டு நிக்கும். எல்லாத்துக்கும் கீழ ஒரே வரி: "அக்கா, கப்புல தெளிவா வரணும்."

"தெளிவா வரணுமாம். மூக்க நானே வரஞ்சு ஒட்டவா?"

அவ புருசன் ஜெயபால் விசைப்படகுல கடலுக்குப் போறவரு. கரையில இருக்க நாள்ல இந்தப் பாட்டுக்குத் தாளம் போடுறது அவரு வேலை. "கப்புக்கு இங்கிலீஷ்ல மக்குன்னு பேரு வச்சது சரிதான். மக்குக்குப் படம் அனுப்புறவனும் மக்காத்தான இருப்பான்."

"அந்த மக்குல வந்த காசுலதான் காபித்தூளு வாங்குனேன். பேசாமக் குடிங்க."

பிரெசில்லாவுக்கு முப்பத்தொம்பது வயசு. பொறந்தது தங்கச்சிமடம், வாக்கப்பட்டது பாம்பன். கல்யாணத்துக்கு முன்னாடி ராமநாதபுரத்துல ஒரு ஸ்டுடியோவுல பாஸ்போர்ட் சைஸ் படம் வெட்டுற வேலை பார்த்தா. அந்தப் பழக்கத்துலதான் ஆறு வருசத்துக்கு முன்னாடி, சீட்டு எடுத்த கையோட, ஒரு கலர் பிரிண்டரும் கப்பு சூடு பண்ற மிசினும் வாங்கிப் போட்டா. மிசினுன்னா பெருசா நினைச்சுறாதீங்க. ஆஸ்பத்திரியில பிரஷர் பார்க்கக் கையில சுத்துவாங்கல்ல, அந்த மாதிரி ஒரு பட்டை. படத்தத் தாள்ல பிரிண்டு எடுத்து, கப்பச் சுத்தி ஒட்டி, அந்தப் பட்டைக்குள்ள மூணு நிமிசம் வச்சா, தாள்ல சோகை பிடிச்ச மாதிரி இருந்த கலரு கப்புல பளிச்சுன்னு ஏறிக்கிரும். ஏறுனா ஏறுனதுதான். கம்பி நாரு போட்டுத் தேச்சாலும் எறங்காது.

லாட்ஜுக்குக் கப்பு, கருவாட்டுக் கடைக்குப் பை, கோயில் திருவிழாவுக்குப் பனியன், போட்டுக்காரங்களுக்குச் சாவிக்கொத்து, எல்லாம் அடிப்பா. ஆனா அத்தனையும் அடுப்படியில. மிக்சிக்கு ஒரு பிளக்கு, அதேதான் மிசினுக்கும். சட்னி அரைக்கணும்னா கப்பு நிக்கணும், கப்பு ஓடணும்னா சட்னி நிக்கணும். மீன் கொழம்பு கொதிச்ச நாள்ல அடிச்ச கப்பக் கொண்டுபோன லாட்ஜுக்காரரு, "படம் நல்லாருக்கும்மா, ஆனா அயிலை மணக்குது"ன்னு திருப்பி அனுப்புனாரு. கடக்காத்து ஈரம் வேற தாளுக்கு ஆகாது, கலரு கலங்கிப்போகும். அதுனால தாள்க்கட்டெல்லாம் அரிசி டிரம்முக்குள்ள இருக்கும். சோத்துக்கு அரிசி அளக்கணும்னா மொதல்ல தாள வெளிய தூக்கி வைக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். தாள்ல எல்லாத்தையும் இடம் வலமாத் திருப்பித்தான் பிரிண்டு எடுக்கணும். கப்புல ஒட்டும்போது அது நேராயிரும். ஆரம்பத்துல ஒரு தடவ திருப்ப மறந்து, ஒரு மளிகைக்கடை பேர முப்பது கப்புல ஏறுக்கு மாறா அடிச்சுட்டா. அந்த முப்பதுலயும் இன்னைக்கு அவ வீட்டுல புளியும் கடுகும் வெந்தயமும் இருக்கு. அன்னையில இருந்து ஒரு பழக்கம். தாள எடுத்துக்கிட்டுப் பீரோ கண்ணாடி முன்னாடி போயி நிப்பா. கண்ணாடியில எழுத்த நேரா வாசிக்க முடிஞ்சாத்தான் தாளு மிசினுக்குப் போகும். "தலை சீவக் கண்ணாடி பார்க்காதவ, கப்புக்காரன் பேரப் பார்க்க நாப்பது தடவ பார்க்கிறா"ன்னு ஜெயபால் சொல்வாரு.

அவ ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். பாம்பன் பஸ் ஸ்டாப்புல ரீசார்ஜ் கடைக்காரன் காலி பண்ணிட்டுப் போன ரூம்பு. பத்துக்கு எட்டுதான், ஆனா அடுப்பு இல்ல, அயிலை இல்ல, செவுத்துல நாலு பிளக்கு. ரூம்புக்காரம்மா மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன்னுட்டாங்க. ஜெயபால் கறாராச் சொல்லிட்டாரு: "பெரிய ஆர்டரு ஒண்ணு சொதப்பாம முடிச்சுக் காட்டு. அன்னைக்கே சாவி வாங்கிருவோம். பொறந்தநாளுக்கு ஒரு கப்பு, கல்யாணநாளுக்கு ஒரு கப்புன்னு அடிக்கிறத நம்பிக் கடை பிடிக்க முடியாது."

பெரிய ஆர்டரு தங்கப்பாண்டி ரூபத்துல வந்துச்சு.

தங்கப்பாண்டி முதுகுளத்தூர் பக்கத்து மொளகா வெவசாயக் குடும்பம். ராமேஸ்வரத்துக்கு வந்து டீக்கடையில கிளாஸ் கழுவி, டீ ஆத்தி, இப்ப சொந்தமா 'வலம்புரி காபி'ன்னு கடை தெறக்கப் போறாரு. சின்னக் கடைக்காரங்க சங்கத்துக்குச் செயலாளரும் அவருதான், மொத்தம் அம்பது கடை. "நூத்தியெட்டு கப்பு வேணும் தங்கச்சி. நல்லா வந்துச்சுன்னா தீபாவளிக்கு அம்பது கடைக்கும் உன்கிட்டதான். மதுரைக்குப் போறத விட்ருவோம்"னாரு.

கடை முகப்புல சிமெண்டுல பெருசா ஒரு சங்கு செஞ்சு வச்சிருந்தாரு. கொத்தனாரு மொதல்ல செஞ்சது இடம்புரி. கடல்ல எடுக்கிற சங்கெல்லாம் இடம்புரிதான, அந்தாளு பார்த்தத செஞ்சுட்டாரு. வலம்புரி கெடைக்கிறது அபூர்வம், அதுக்குத்தான் ராசி, மரியாதை எல்லாம். கோயிலுக்கு வந்த ஒருத்தரு நிமுந்து பார்த்து, "என்னய்யா, பேரு வலம்புரி, சங்கு இடம்புரி"ன்னு கேட்டுட்டுப் போக, தங்கப்பாண்டி மறுநாளே சுத்தியல எடுத்து ஒடைக்க வச்சு, புதுசாச் செய்ய வச்சாரு. இந்தக் கதைய பிரெசில்லாகிட்ட மூணு தடவ சொல்லிட்டாரு.

அந்தச் சங்குக்கு முன்னாடி புதுச்சட்டை போட்டு நின்னு ஒரு படம் அனுப்புனாரு. பார்த்த ஒடனே பிரெசில்லா அடுப்படியில இருந்து கத்துனா. "இங்கேருங்க! ஒரு மனுசன் ஒழுங்கா போட்டோ எடுத்துட்டாரு!"

நல்ல வெளிச்சம், ஆடல, அசையல. தங்கப்பாண்டிய வெட்டி எறிஞ்சுட்டு, சங்க மட்டும் எடுத்து, அதுக்குக் கீழ 'வலம்புரி காபி, ராமேஸ்வரம்'னு தானே எழுத்து அடிச்சு, சாம்பிள் படம் அனுப்புனா. தங்கப்பாண்டிகிட்ட இருந்து கட்டைவிரல் வந்துச்சு. தாளு பீரோ கண்ணாடியப் பார்த்துச்சு. எழுத்து ஜம்முனு நேரா இருந்துச்சு. மூணு நாள்ல நூத்தியெட்டும் முடிஞ்சு, வியாழக்கிழமை மத்தியானம் பெட்டி கட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை கடை தெறப்பு.

பெட்டி எடுக்க தவ்ஃபீக் வந்தான். கீழக்கரைக்காரன், ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் பார்சல் வேன் ஓட்டுறவன். டேப்பு ஒட்டாத பெட்டியில இருந்து ஒரு கப்ப எடுத்துப் பார்த்தவன் சிரிச்சான்.

"ஏலே, என்ன இளிப்பு?"

"இல்லக்கா, வலம்புரின்னு எழுதி இடம்புரியப் போட்டுருக்கீங்களே."

"போலே அங்கிட்டு. எழுத்து நேரா இருக்குல்ல? எழுத்து நேரா இருந்தா சங்கும் நேராத்தான் இருக்கும்."

"எங்க வாப்பா முப்பது வருசம் சங்கு குளிச்சவரு. நான் கோலி விளாண்டதவிட சங்கு வச்சு விளாண்டதுதான் அதிகம். அல்லா அறிய இது இடம்புரிக்கா."

"வண்டி ஓட்டுறவன் வண்டியப் பாரு"ன்னு சொல்லிட்டு, கப்ப அவன் கையில இருந்து பிடுங்குனா. போனை எடுத்து தங்கப்பாண்டி அனுப்புன முழுப்படத்தத் தெறந்தா. சங்கப் பார்த்தா, ஒண்ணும் புரியல. அதுக்கு முன்னாடி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற தங்கப்பாண்டியப் பார்த்தா. புதுச்சட்டை. சட்டையில பை.

பை அவருக்கு வலப்பக்கம் இருந்துச்சு.

உலகத்துல எந்தத் தையக்காரன் சட்டைக்கு வலப்பக்கம் பை வைக்கிறான்? மனுசன் செல்பி எடுத்திருக்காரு. அவரு போன்ல முன்பக்கக் கேமரா, கண்ணாடி மாதிரி எல்லாத்தையும் இடம் வலமாப் பதிச்சிருக்கு. சட்டைப்பை மாறுன மாதிரி சங்கும் மாறிருச்சு. எழுத்து மட்டும் பிரெசில்லா அடிச்சது, அது நேரா நின்னுக்கிருச்சு. பீரோ கண்ணாடி முன்னாடி அவ வாசிச்சதும் எழுத்தத்தான, சங்க யாரு வாசிச்சா?

"நூத்தியெட்டும் போச்சு"ன்னு அரிசி டிரம்மு மேல உக்காந்துட்டா.

ஜெயபால் கப்ப வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "எனக்கே தெரியலயே."

"உங்களுக்கு எறாலத் தவிர என்ன தெரியும்?"

"அதத்தான் சொல்றேன். கடல்ல கெடக்க எனக்கே தெரியல, காபி குடிக்க வாரவனுக்குத் தெரியப் போகுதா? சாம்பிளுக்கு அவரே கட்டைவிரல் போட்டுட்டாரு. பெட்டிய ஒட்டு. ஞாயித்துக்கிழமை தெறப்பு முடியட்டும், சாயங்காலம் சாவி வாங்கிருவோம்."

டேப்பு பிரெசில்லா கையிலதான் இருந்துச்சு. பஸ் ஸ்டாப்பு ரூம்பு, நாலு பிளக்கு, எல்லாம் அந்தப் பெட்டி வாய மூடுற தூரத்துலதான் இருந்துச்சு. தவ்ஃபீக் சும்மா இருந்திருக்கலாம், இருக்கல. "நான் வாயத் தெறக்க மாட்டேன்க்கா. ஆனா கீழக்கரையில இருந்து ராமேஸ்வரம் வாரவன்லாம் என்னய மாதிரி நல்லவனா இருக்க மாட்டான்."

பிரெசில்லா டேப்பத் தூக்கி அடுப்பு மேடையில போட்டா. "கொத்தனாரு செஞ்ச சங்கயே சுத்தியலால ஒடச்ச மனுசன். நாளைக்கு எவனோ சொல்லித் தெரிஞ்சா, அந்தச் சுத்தியலோட இங்கனதான் வருவாரு. திட்டு வாங்குறதுன்னா சூடா இருக்கும்போதே வாங்கிரணும். ஏலே, வண்டிய எடு. நானும் வாரேன்."

கடை வாசல்ல தங்கப்பாண்டி பெயிண்டு அடிக்கிறவன வெரட்டிக்கிட்டு நின்னாரு. அவரு பொஞ்சாதி ஈஸ்வரி உள்ள காபி பில்டரு கழுவிக்கிட்டிருந்தாங்க. கப்பக் கையில வாங்குன ஒடனே தங்கப்பாண்டிக்கு வாயெல்லாம் பல்லு. "அடடா, முத்து மாதிரி இருக்கு தங்கச்சி!"

"முத்து இருக்கட்டும்ணே. தலைக்கு மேல இருக்க சங்கப் பாருங்க. கையில இருக்க சங்கப் பாருங்க."

மேல பார்த்தாரு. கீழ பார்த்தாரு. மறுபடி மேல, மறுபடி கீழ. "ரெண்டும் சங்குதான?"

"வாய் எந்தப் பக்கம் தெறந்திருக்கு பாருங்க."

மூணாவது தடவ மேல பார்த்தப்ப அவரு மூஞ்சி மாறுச்சு. "ஏத்தா! நான் ஒடச்ச சங்கு திரும்பி வந்துருச்சே!"

அப்புறம் தெருவுக்கே கேட்டுச்சு. நூத்தியெட்டும் இப்படியா, தெறப்பு அன்னைக்கு இப்படி ஒரு அபசகுனமா, மதுரையில கொடுத்திருந்தா இப்படி ஆகுமா, சங்கத்துல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்னு ஒரு ஆட்டம் ஆடுனாரு. கட்டைவிரல் கதை பிரெசில்லாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டா.

"என் தப்புதான்ணே. படத்த வெட்டுறதுக்கு முன்னாடி சட்டைப்பையப் பார்த்திருக்கணும்."

"சட்டைப்பையா? நான் சங்கப் பத்திப் பேசுறேன், நீ என்ன சட்டைப்பையப் பத்திப் பேசுற?"

போன்ல படத்தக் காட்டி விளக்கிச் சொன்னா. பில்டரோட வெளிய வந்து எட்டிப்பார்த்த ஈஸ்வரிக்கு மூணே நொடியில வெளங்கிருச்சு.

"செல்பியா? இத்தன ஆளு வேலை செய்றானே, ஒருத்தன எடுக்கச் சொன்னா என்ன?"

"ஏ, நீ சும்மா இரு."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? சாம்பிள் வந்துச்சுன்னு என்கிட்டயும் காட்டுனீங்களே, கட்டைவிரல் போட்டது என் கையா? ரெண்டு மாசமாத் தலைக்கு மேல நிக்கிற சங்கு எந்தப் பக்கம் சுத்துதுன்னு உங்களுக்கே தெரியல. அந்தக் கொத்தனாரு தானா வந்து சொன்னானா? இந்தப் புள்ள வண்டியேறி வந்து சொல்லுது."

தங்கப்பாண்டி சுருதி எறங்குச்சு. "அதுக்கில்ல ஈஸ்வரி. எவனாவது கண்டுபிடிச்சுச் சிரிப்பான்ல?"

"நான் சிரிச்சேன்ணே"ன்னான் தவ்ஃபீக்.

"சிரிக்கட்டும்"னாங்க ஈஸ்வரி. "சங்கு தெரிஞ்சு சிரிக்கிறவனுக்கு ஒரு காபி ஓசின்னு சொல்லிருவோம். ஓசிக் காபின்னா எவன் சிரிச்சுக்கிட்டு நிப்பான்? குடிச்சுட்டுப் போயிருவான்."

பிரெசில்லா நிமுந்தா. "மதினி, நில்லுங்க. கடல்லயும் எல்லாம் இடம்புரிதான? வலம்புரி எப்பவாச்சும்தான கெடைக்கும்? வீட்டுல வெறுங்கப்பு ஒரு பெட்டி இருக்கு. அதுல பன்னெண்டுல மட்டும் வலம்புரியச் சரியா அடிச்சுக் கலந்து விட்ருவோம். அது எவன் கைக்கு வருதோ, அவன் பார்த்துச் சொன்னா காபி ஓசி. கப்புக்குப் பின்பக்கம் வெறுமனதான் கெடக்கு, அதுல இதயே எழுதிருதேன்."

"எல்லாப் பயலும் வலம்புரி வலம்புரின்னு அடிச்சு விடுவானே?"ன்னாரு தங்கப்பாண்டி.

"தப்பாச் சொன்னா ரெண்டு காபிக்குக் காசு வையின்னுதான் எழுதுவேன்."

தங்கப்பாண்டி கப்பத் திருப்பி வெறும் பின்பக்கத்தப் பார்த்தாரு. "பன்னெண்டு போதுமா?"

"போதாதா? அதுக்கு மேல போட்டா நீங்க மொளகாக் காட்டுக்குத்தான் திரும்பிப் போகணும்"னாங்க ஈஸ்வரி.

பெட்டியெல்லாம் அதே வேன்ல பாம்பனுக்குத் திரும்பிருச்சு. மறுநாள் வெள்ளிக்கிழமை பிரெசில்லா வீட்டுல அடுப்பு பத்தல. பரோட்டா வாங்கிப் பசியமத்திக்கிட்டாங்க. சரியான வலம்புரிக்கு வேற படம் வேணும்னு, பின்பக்கக் கேமராவுல ஒண்ணு எடுத்து அனுப்புங்கன்னு தங்கப்பாண்டிகிட்ட கேட்டா. வந்துச்சு. பாதி சங்கு, பாதி அவரு வெரலு.

"இந்த ஊருல ஒருத்தனுக்கும்..."ன்னு ஆரம்பிச்சவ, பெருமூச்சு விட்டுட்டுப் பழைய படத்தையே இடம் வலமாத் திருப்பிப் போட்டா. இந்தத் தடவ கண்ணாடிய நம்பல. தவ்ஃபீக்குக்கு அனுப்பிக் கேட்டா. "இதுதான்க்கா வலம்புரி, தைரியமா அடிங்க"ன்னு வேன் சத்தத்தோட வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.

ஒருக்கா அடிச்ச கப்ப மறுபடி மிசினுக்குள்ள வச்சா பழைய படம் கலங்கும். அதுக்கு வெள்ளைத்தாள் போட்டு மூடி, இழுத்துப் பிடிச்சு டேப்பு ஒட்டணும். அந்த வேலையில ஜெயபால் உக்காந்தாரு. வலை கட்டுற கை, ஒரு சுருக்கம் விழல.

"மிசின விட நீங்க நல்லாத்தான் பிடிக்கிறீங்க."

"மக்குப் பொண்டாட்டிக்கு வாக்கப்பட்டா எல்லாம் பழகணும்."

"வாக்கப்பட்டது நானு. அடுத்த கப்ப எடுங்க."

பொழுது சாயுறதுக்குள்ள நூத்தியிருபது கப்பும் முடிஞ்சுச்சு. பின்பக்கம் இப்படி இருந்துச்சு: 'உங்க கையில இருப்பது வலம்புரியா? வலம்புரின்னு சரியாச் சொன்னா காபி ஓசி. தப்பாச் சொன்னா ரெண்டு காபிக்குக் காசு.'

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காலைப் பூசை முடிஞ்ச கையோட பிரெசில்லாவும் ஜெயபாலும் ராமேஸ்வரம் போனாங்க. கடையில நிக்க எடமில்ல. காபி ஆறுறது தெரியாம ஆளாளுக்குக் கப்பத் திருப்பிக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தரு ஜாதகம் பார்க்கிற மாதிரி மோவாயத் தடவுறாரு. ஒரு லாட்ஜு மேனேஜரு நெஞ்ச நிமுத்தி "வலம்புரி!"ன்னு சொல்லி, ரெண்டு காபிக்குக் காசு வச்சுட்டுப் போனாரு. தீர்ப்பு சொல்றது தங்கப்பாண்டி. ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்து மேல பார்த்து, கப்பப் பார்த்து, மறுபடி மேல பார்த்து, அப்புறம்தான் சொல்வாரு.

பத்து மணி வாக்குல கீழக்கரை அப்துல் ஹாதி வந்தாரு, கண்ணாடிக்கடை வச்சிருக்கவரு. தவ்ஃபீக் சொல்லி வந்தவருதான், சந்தேகமே வேணாம். காபி வந்துச்சு. ஒரு வாய் குடிக்கல, ஒரு தடவ திருப்பல. "இது வலம்புரி"ன்னாரு. தங்கப்பாண்டி மேல பார்த்து, கீழ பார்த்து, கூட்டத்தப் பார்த்து, "வலம்புரிதான்!"னு கத்துனாரு. கைதட்டுனாங்க பாருங்க, கோயில் யானை வந்தாக்கூட அந்தக் கூட்டம் அப்படித் திரும்பிப் பார்க்காது. மறுநாள் அப்துல் ஹாதி நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்ததும், "கீழக்கரைக்காரங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கப்புதான்"னு தங்கப்பாண்டி புதுச் சட்டம் போட்டதும் வேற கதை.

இந்த யோசனையே தன்னோடதுன்னு தங்கப்பாண்டி இப்ப சங்கத்துல சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. சொல்லிட்டுப் போகட்டும். தீபாவளி ஆர்டரு அம்பது கடைக்கும் பிரெசில்லாவுக்குன்னு முடிவாயிருச்சு. முடிவ எழுதுன தாள்லயே கீழ ஒரு வரி சேர்த்திருந்தாரு: 'யாரும் செல்பி அனுப்பக் கூடாது.'

கடை தெறந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே, பாம்பன் பஸ் ஸ்டாப்புல எறங்குன ஒடனே ஜெயபால் சொன்னாரு, "சொதப்பாம முடிச்சுக் காட்டுன்னேன். நீ சொதப்பித்தான முடிச்ச?"

"முடிச்சேன்ல? ரூம்புக்காரம்மா வீட்டுக் கதவத் தட்டுங்க. சாவிய வாங்குங்க."

வாங்குனாரு.

இப்ப கடை அங்கனதான். நாலு பிளக்குலயும் ஏதாச்சும் ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும். தாளு ஈரமாகக் கூடாதுன்னு அரிசி டிரம்மும் கடைக்கு வந்துருச்சு. வீட்டுல அரிசி சாக்குலதான் கெடக்கு, அதுக்கு ஜெயபால் மொணங்குறாரு. செவுத்துல சாமிபடத்துக்குக் கீழ ஒரே ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கா: 'சட்டைப்பை வலப்பக்கம் இருந்தா போட்டோ செல்லாது.' காலையில கடைய விளக்குமாத்தால கூட்டும்போது, "இந்த ஊருல ஒருத்தனுக்கும்"னு அவ ஆரம்பிக்கிறது பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கெல்லாம் கேக்குது. ஆனா இப்பல்லாம் சிரிச்சுக்கிட்டேதான் திட்டுறா.

நீங்க ராமேஸ்வரம் போனா வலம்புரி காபியில ஒரு காபி குடிங்க. கப்ப நல்லாத் திருப்பிப் பாருங்க, தெரியலன்னா கவுரவமா வாய மூடிக்கிட்டு ஒரு காபிக்கு மட்டும் காசு கொடுங்க. திரும்பி வரும்போது பாம்பன்ல எறங்கி பிரெசில்லாவ ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. கடை சின்னதோ பெருசோ, உங்க கடை பேருல பத்து கப்பு சொல்லிட்டு வாங்க. படம் கொண்டுபோறவங்க மட்டும் கொஞ்சம் தயவு பண்ணுங்க. வேற யாரையாவது எடுக்கச் சொல்லிக் கொண்டு போங்க.